காயில் கழுவுகிறவர்கள்

நவம்பர் 24, திங்கள்

மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போன தக்காளிச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து தெரு நாய்க்குப் போட்டேன். அது தின்றது. எனக்கு இன்றைக்கு எதுவும் இறங்காது.

எழுதாவிட்டால் யாரிடமாவது கத்திவிடுவேன். ஜனவரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கொடுத்த டைரி ஒரு பக்கமும் எழுதாமல் அலமாரியில் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

ஏ.சி., வெந்நீர் மெஷின் பழுது பார்க்கும் என் வீட்டுக்காரர் கனகராஜிடம் உதவிக்கு இருந்த ஆள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இருக்கிற பெரிய வேலையோ கல்லூரிப் பெண்கள் ஹாஸ்டல். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையை மாடியேற்ற வார்டன் எஸ்தர் மேடம் சம்மதிக்கவில்லை. "உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்களேன்" என்றாராம். தையல் கடை மூடியதிலிருந்து நானும் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலைதானே என்று போனேன்.

மொட்டை மாடியில், குளிக்க வெந்நீர் போடும் மூன்று ஹீட் பம்புகள் நிற்கின்றன. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி ஒவ்வொன்றும். ஏ.சி. அறைக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது அல்லவா, இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று கனகராஜ் சொன்னார். உறிஞ்சுகிற இடம்தான் காயில். செம்புக் குழாயும், அதைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக அலுமினியத் தகடுகளும். அந்த இடுக்குகளுக்குள் காற்று போய்வர வேண்டும். போகாவிட்டால் ஹாஸ்டல் முழுக்கக் காலையில் பச்சைத் தண்ணீர்.

முதல் இயந்திரத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது காயில் இல்லை, கம்பளி. புறா எச்சம் காய்ந்து வெள்ளையும் பச்சையுமாகப் படிந்து, அதன் மேல் இறகு, கொடியில் காயும் துண்டுகளின் நூல், பெண்களின் நீளத் தலைமுடி. சமையலறைப் புகைக்குழாய் பக்கத்திலேயே இருப்பதால் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருந்தது. கீழே தண்ணீர் சொட்டி விழும் தட்டில் கறுப்பாக, கூழ் மாதிரி ஒன்று. அது நெளிந்தது. கொசுப் புழு.

அங்கேயே வாந்தி எடுத்தேன்.

கனகராஜ் எங்கே இருந்தார்? மாடிக் கதவுக்குப் பக்கத்தில், காற்று அடிக்கும் பக்கமாக, படியில் உட்கார்ந்திருந்தார். "கரண்ட் சைடு நான் பாத்துக்கறேன். நீ பிரஷ் போடு. மொதல்ல தண்ணி தெளிச்சு ஊற விடு. காஞ்சதைச் சுரண்டாதே" என்றார். மாஸ்க் ஒன்று கொடுத்தார். அதற்குள் என் வாந்தி நாற்றமே சுற்றிச் சுற்றி வந்ததால் கழுத்துக்கு இறக்கிவிட்டேன். அங்கிருந்தபடியே, "மாஸ்க்கை ஏத்து! எத்தனை வாட்டி சொல்றது!" என்று அதட்டல் வேறு. எசமான்.

நவம்பர் 25, செவ்வாய்

எலுமிச்சம்பழம் தேய்த்தேன். சோப்பு, சீயக்காய், கடைசியில் மண்ணெண்ணெய்கூடத் தேய்த்தேன். கை இன்னும் நாறுகிறது. தயிர்ச் சோற்றைப் பிசையக் கையை வைத்ததும் நகக்கண்ணில் பச்சையாக ஒன்று தெரிந்தது. ஸ்பூனில் சாப்பிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

முதல் இயந்திரம் முடிந்தது.

நுரை மருந்து அடித்து, ஊறவிட்டு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். பைப்பை அழுத்திப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். மடங்கியவற்றை ஒரு சின்னச் சீப்பால் நிமிர்த்தினேன். நான் இழுக்க இழுக்கச் சாக்கடை நிறத்தில் நீர் ஓடி, பின்னால் அலுமினியம் பளபளத்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றபடி சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல இருப்பது வீட்டுச் சங்கதி. விடிந்ததும் வாஷ் பேசினில் நின்று அந்த மனுஷன் காறுகிற காறலில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது. வறட்டு இருமல். அரைமணி நேரம் இருமி ஒரு சொட்டுத் துப்புகிறார், அதையும் சரியாகக் கழுவிவிடுவதில்லை. "சளி புடிச்சிருக்குது, பனிக்காலமல்லோ" என்கிறார். போன பனிக்காலம் முடிந்து கோடை வந்தபோதும் இதே சளிதான்.

மாடியில் புறாவுடையது, வீட்டில் இவருடையது. நான் கழுவப் பிறந்தவள்.

நவம்பர் 28, வெள்ளி

சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல். வேலை செய்தது நான்.

டிசம்பர் 1, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பொள்ளாச்சியில் அவர் சித்தப்பா மகள் கல்யாணம். காய்ச்சலா, இருமலா? ஒன்றும் கிடையாது. பந்தியில் இரண்டு முறை உட்கார்ந்தார். மாப்பிள்ளை அழைப்பில் மேளத்துக்கு முன்னால் கையைத் தூக்கி ஆடினார். "மாப்ள இன்னும் எளவட்டம் மாதிரியே இருக்கறாரு" என்று என் பெரியம்மாவே சொன்னாள்.

பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினார். இருமவே இல்லை.

பரீட்சை அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இது நாற்பத்தாறு வயதுப் பிள்ளை. இன்றைக்கும், "நாளைக்குப் போலாம்" என்று வேலைக்கு லீவு விட்டுவிட்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

இரண்டாவது இயந்திரத்துக்கு மருந்துக் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கனகராஜ் பின்னால் வந்தார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவருக்குப் போன் வருகிறது. காதில் வைத்துக்கொண்டு, "ம்... ஆமாங்க... சரிங்க" என்று நின்றுவிடுகிறார். போன வாரமும் இப்படித்தான். நான் மேலே போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்கிறார்.

யார் அப்படி மாடிக்கு மாடி கூப்பிடுவது? இந்த வயதில் புதிதாக எவளோ என்று தோன்றிவிட்டது. சத்தமில்லாமல் இறங்கிப் போய்ப் பின்னாலிருந்து போனைப் பிடுங்கினேன்.

போன் இருட்டாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட அடையாளமும் இல்லை.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது. வாய் திறந்திருந்தது. "குடு" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஒருத்தரும் இல்லாத போனில் ஒரு மனுஷன் எதற்குப் பேச வேண்டும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. மருந்துக் கேனை வெயிலில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

இன்று நடந்ததை மறக்க முடியாது.

இரண்டாவது இயந்திரத்தின் வெளிப்பக்கம் பரவாயில்லாமல் இருந்தது. ஜூலையில் கழுவியதுதானே என்று நினைத்தேன். பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். உள்ளே மலை. வருஷக் கணக்கில் ஒரு கையும் பட்டிராத மாதிரி. எச்சத்தின் மேல் எச்சம் இறுகி, நடுவில் ஒரு புறாவின் எலும்புக்கூடு. அதன் மேல் பனிக்கட்டி வேறு படர்ந்திருந்தது. காற்றுக்கு வழியில்லாவிட்டால் இந்தக் குளிரில் காயில் உறைந்துவிடுமாம். அந்த ஐஸ் மஞ்சளாக இருந்தது.

ஜூலையில் இவர்தான் தனியாக வந்து, மூன்றையும் முழுசாகக் கழுவிவிட்டேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு வந்தவர். வெளிமுகத்தில் மட்டும் தண்ணீர் விட்டிருக்கிறார். இந்தத் தண்ணீரில்தான் பெண்கள் ஐந்து மாதமாக நடுங்கி நடுங்கிக் குளித்திருக்கிறார்கள்.

புறா எச்சத்தைப் பார்த்து வந்ததைவிடப் பெரிய குமட்டல் அவரைப் பார்த்து வந்தது.

"ஏனுங்க, இதைக் கழுவுனேன்னு சொன்னீங்களா இல்லையா?"

அவர் பைப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

"உங்ககிட்டத்தான் கேக்கறேன்."

"முடியல சுகந்தி."

"என்ன முடியல? பந்தியில ரெண்டு வாட்டி உக்கார முடிஞ்சுதில்ல? ஆட முடிஞ்சுதில்ல? பொண்டாட்டிய பீ அள்ள உட்டுட்டுப் படியில காத்து வாங்க முடியுது. ஆம்பளையா இருந்தா நீங்க வந்து சுரண்டுங்க."

கொடியில் துணி எடுக்க வந்த ஒரு பெண் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அவர் கீழே இறங்கிப் போனார். நான் பாதியில் மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். தனியாக பஸ் ஏறினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

பேச்சு இல்லை. சோறு மட்டும் போட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுக் காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே அவர் ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மொட்டை மாடி முழுக்கப் புகை மாதிரித் தூசி. இரண்டாவது இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிக்கவில்லை. முகத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருந்தார். என்னைப் பார்த்து, "ஆச்சு, பாதி ஆச்சு" என்றார். மத்தியானத்துக்குள் உள்பக்கம் முழுவதும் அவரே எடுத்துவிட்டார். நான் தண்ணீர் மட்டும் விட்டேன்.

சாயங்காலம் இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். போனை எடுக்கவில்லை. கல்லூரி விட்டுப் பெண்கள் கூட்டமாக ஏறிவந்துகொண்டிருந்தார்கள். "கொஞ்சம் வழி உடுங்க" என்று நான் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சரிந்தார். உதடு நீலமாக இருந்தது. நகமும். மூச்சு இழுக்கிற சத்தம், அடைத்துக்கொண்ட பைப்பில் தண்ணீர் ஏறுகிற சத்தம் மாதிரி இருந்தது.

எஸ்தர் மேடம் செருப்பில்லாமல் ஓடிவந்தார். மேடத்தின் காரில்தான் கொண்டுவந்தோம். வழியில், "இவரை எதுக்கும்மா இந்தத் தூசிக்குள்ள விட்டீங்க?" என்றார்.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகத்தான் போனார்.

டிசம்பர் 10, புதன்

நெஞ்சக டாக்டர் ஒரு பெண். என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி வைத்திருந்தார். நுரையீரலில் புகை படிந்த மாதிரி இருந்தது. ஓரங்களில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஏதோ.

"வீட்டுல புறா வளக்கறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"கிளி, கோழி?"

"எதுவும் இல்லீங்க டாக்டர்."

"பின்ன எங்க இருந்து? இது பறவை எச்சத்தூள் போய்ப் போய் வர்றது. பக்கத்துல யாராவது வளக்கறாங்களா?"

"வளக்கல. கழுவறோம்" என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஹீட் பம்ப், காயில், மூன்று இயந்திரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். சிலருடைய உடம்புக்கு அந்தத் தூள் ஆகாது. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் நுரையீரல் புண்ணாகும். போய்ச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வரும், நடுக்கம் வரும். இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் நன்றாக இருப்பார்கள். "நடிக்கறாங்கன்னுகூட வீட்டுல நினைப்பாங்க" என்றார்.

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தழும்பான இடம் தழும்பானதுதான். திரும்ப வராது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். ஆனா இனிமே அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒரு நாள்கூட."

என் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 11, வியாழன்

ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே அவர் சொன்னது. நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

போன வருஷம் ஒரு இலவச முகாமில் டாக்டர் ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தூசி வேலை உங்களுக்கு ஆகாது, மாத்திக்கங்க" என்றாராம். புறா என்று அவர் சொல்லவில்லை. தூசி என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இவர் காயிலுக்குள் தலையை விடவில்லை. உதவிக்கு இருந்த ஆளைக் கழுவ விட்டார். ஜூலையில் அந்த ஆள் ஊருக்குப் போயிருந்தான். இவர் தனியாகப் போனார். வெளியே மட்டும் தண்ணீர் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"அப்பறம் ஏனுங்க என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?"

"வேற ஆரு இருக்கறா?"

"எனக்கும் இதே வந்திருந்தா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "உனக்கு ஆகாதுன்னு ஆரும் சொல்லலையே."

கொசுப்புழுத் தட்டைப் பார்த்து வந்த அருவருப்புகூட இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. வெளியே போய் வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவினேன். தண்ணீர் தெளித்து ஊற விடச் சொன்னதும், மாஸ்க்கை ஏற்றச் சொல்லிக் கத்தியதும் இதனால்தான் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் இன்னும் கேவலமாக இருந்தது. தெரிந்திருக்கிறது. தெரிந்ததை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, மாஸ்க் மட்டும் வந்திருக்கிறது.

சொல்லியிருந்தால், 'நீங்க வீட்டுல இருங்க, நான் போறேன்' என்று நானே சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

திரும்பிப் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரையால் முகம் உப்பியிருக்கிறது. நாக்குச் செத்துப்போச்சு, புளிக்குழம்பு வேண்டும் என்கிறார். ஈரோட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று காலையில் பையை எடுத்து வைத்தேன். புளிக்குழம்பு வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். குழம்பு கொதிக்கும்போது பையைத் திரும்ப அலமாரி மேலேயே போட்டுவிட்டேன். ஈரோட்டுப் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது.

டிசம்பர் 16, செவ்வாய்

எஸ்தர் மேடத்தைப் பார்க்கப் போனேன். ஜூலையில் கழுவாமலே கழுவியதாகச் சொன்னதை நானே சொல்லிவிட்டேன். கனகராஜின் வாயிலிருந்து அது வராது.

"தெரியும்மா. தண்ணி எனக்கும்தானே குளிரா வந்துச்சு" என்றார். "திட்டணும்னு கூப்பிட இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. அவர் எப்படி இருக்கார்?"

"படி ஏற முடியாதுங்க."

"மூணாவது மெஷினுக்கு வேற ஆள் பாக்கறேன்."

"வேண்டாங்க மேடம். நானே முடிச்சிடறேன். மேல வலை கட்டிக் கொடுங்க, புறா உள்ள வராம. சமையல் ரூம் புகைக்குழாயையும் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. இல்லாட்டி அடுத்த வருஷமும் இதே கதைதான்."

மேடம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்களுக்குப் பயமா இல்லையா?"

"அருவருப்பாத்தான் இருக்குது" என்றேன்.

கனகராஜுக்காகப் போகவில்லை. பாதியில் நிற்கும் வேலை எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அவ்வளவுதான்.

டிசம்பர் 18, வியாழன்

டாக்டர் சொன்ன மாஸ்க், கண்ணாடி, முழுக்கை கவுன், ரப்பர் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டேன். ஹாஸ்டல் பெண்கள் போட்டோ எடுத்தார்கள்.

மூன்றாவது இயந்திரத்தின் பக்கத் தகட்டைத் திறந்ததும் ஒரு புறா என் முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தது. உள்ளே மூலையில், காயிலை ஒட்டி, குச்சியும் கம்பித் துண்டும் தலைமுடியும் சேர்த்துப் பின்னிய கூடு. இரண்டு குஞ்சுகள். மஞ்சள் மயிர் அங்கங்கே நட்டுக்கொண்டு, கண் பிதுங்கி, பெரிய அலகோடு. இவ்வளவு அவலட்சணமான ஒன்றை நான் பார்த்ததில்லை. என்னைத் தாய் என்று நினைத்து வாயைத் திறந்தன.

புறா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் நிறைய நேரம் நின்றேன். வலை கட்ட வந்த ஆள் கீழே காத்திருந்தார். கூட்டுக்குள்ளும் கூட்டுக்குக் கீழும் எச்சம், ஒரு சாண் உயரம்.

தண்ணீர் தெளித்தேன். கூட்டோடு சேர்த்து எடுத்துக் கறுப்புப் பையில் போட்டேன். பையின் வாயை இறுக்கிக் கட்டினேன். உள்ளே கொஞ்ச நேரம் அசைவு இருந்தது. கீழே குப்பைத் தொட்டியில் போடும்வரை நான் அதைப் பார்க்கவில்லை. பிறகு நுரை அடித்தேன், ஊற விட்டேன், கழுவினேன், தகடுகளை நிமிர்த்தினேன். நாலு மணிக்கு மூன்றையும் ஓட விட்டோம். குழாய்த் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்த எஸ்தர் மேடம், "சுடுதும்மா" என்று கையை உதறினார்.

பின்கட்டு வழியாகப் போய், உடுத்தியிருந்ததை அங்கேயே பக்கெட்டில் ஊறப் போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அப்புறம்தான் அவர் பக்கத்தில் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். எத்தனை தகடு மடங்கியிருந்தது, தட்டில் தண்ணீர் நின்றதா, எல்லாவற்றையும் விசாரித்தார்.

"மூணாவதுல கூடு இருந்திருக்குமே?" என்றார். "மார்கழியில அதுக்குள்ளதான் எப்பவும் குஞ்சு பொரிக்கும். வெதுவெதுன்னு மெஷின் ஓடற எடமல்லோ. நான் போனா மெதுவா ரெண்டு கையில ஏந்தி, தண்ணித் தொட்டி மறைவுல கொண்டுபோய் வெச்சிருவேன். தாய் வந்து எடுத்துக்கும். நீ என்ன பண்ணுனே?"

அவர் கண் என் மேலேயே இருந்தது. மூச்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலாகத் தெரிந்தது.

"இல்லீங்க" என்றேன். "குஞ்சே இல்ல. கூடு காலியாத்தான் கெடந்துது."

"பறந்து போயிருச்சாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.